பால் கவர் விலை போகுது, பிஸ்கட் கவர் ஏன் போகலை? பிளாஸ்டிக் மறுசுழற்சி பத்தி ஒரு இழை

குருணைக்காரர் | திருப்பூர் | சனி, இரவு 9:40

வணக்கமுங்க. இருபத்திரண்டு வருஷமா பிளாஸ்டிக்கை அரைச்சு, உருக்கி, குருணை (மறுபடி சாமான் செய்ய உதவற சின்னச் சின்ன மணி) போடற தொழில்ல இருக்கேன். சின்ன யூனிட்தான். அரவை மெஷின் ஒண்ணு, கழுவற தொட்டி ரெண்டு, உருக்கற மெஷின் ஒண்ணு, ஆள் எட்டுப் பேர். "வீட்டுல பிரிச்சுப் பிரிச்சுப் போடறோமே, இதெல்லாம் நெசமாவே மறுசுழற்சிக்குப் போகுதா, இல்லை எல்லாத்தையும் ஒரே மேட்டுலதான் கொட்டறாங்களா"ன்னு சொந்தக்காரங்கள்ல இருந்து டீக்கடை வரைக்கும் கேக்காத ஆளில்லை. ரெண்டும் நடக்குது. எது போகுது, எது போகலைன்னு பிரிச்சுச் சொன்னாத்தான் புரியும். அதுக்கு இன்னைக்குக் காலையில நடந்ததையே எழுதறேன்.

ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புல இருந்து மக்காத குப்பைன்னு பெரிய சாக்கு ஒண்ணு வந்துச்சு. எடை 14 கிலோ. தார்ப்பாய்ல கொட்டினோம். எங்க யூனிட்ல பதினைஞ்சு வருஷமா இருக்கற அக்கா பிரிக்க உட்கார்ந்தாங்க. அவங்களுக்குக் கண்ணை விடக் காதுதான் முக்கியம். கவரை எடுத்துக் கசக்குவாங்க. மெத்துன்னு மடங்கினா எல்.டி., அதாவது பால் கவர் ரகப் பாலித்தீன். சடசடன்னா பி.பி., அதாவது பாலிப்ரொப்பிலீன். உள்பக்கம் வெள்ளி மாதிரி மின்னினா பல அடுக்கு, அது ஓரமாப் போயிடும். பாட்டிலா இருந்தா அடிப்பக்கத்தைத் தடவுவாங்க. நடுவுல ஒரு பொட்டு இருந்தா பெட், தண்ணி பாட்டில் ரகம். குறுக்கே ஒரு கோடு ஓடினா ஹெச்.டி., ஷாம்பு டப்பா மாதிரி கெட்டிப் பாலித்தீன்.

ஒரு மணி நேரத்துல ஆறு குவியல் ஆச்சு. தண்ணி பாட்டில், பாட்டில் மூடி, பால் கவர், ஷாம்பு டப்பா, சாப்பாடு பார்சல் டப்பா, கடைசியா பிஸ்கட், சிப்ஸ், காபித்தூள், ஷாம்பு பாக்கெட் எல்லாம் கலந்த குவியல். முதல் நாலுக்கும் வாங்க ஆள் இருக்கு, நானே வாங்கறேன். பார்சல் டப்பாவும் நல்ல பி.பி.தான், ஆனா குழம்பு காய்ஞ்சு ஒட்டியிருந்தா கழுவற செலவே விலையைத் தின்னுடும். அந்தக் கடைசிக் குவியல் மட்டும் 5 கிலோவுக்கு மேல. அதை ஒரு ரூபாய்க்குக்கூட எடுக்க ஆளில்லை.

ஏன்னு கேட்டா கணக்கு இதுதான். ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் ஏறத்தாழ 20 கிராம். ஐம்பது பொறுக்கினா ஒரு கிலோ. காலி ஷாம்பு பாக்கெட் ஒரு கிராம்கூட வராது. ஒரு கிலோ சேர்க்க ஆயிரம் தடவைக்கு மேல குனியணும். அப்படிக் குனிஞ்சு எடுத்தாலும் அதுல பிளாஸ்டிக், அலுமினியம், மறுபடி பிளாஸ்டிக், நடுவுல பசைன்னு அடுக்கடுக்கா ஒட்டியிருக்கு. என் மெஷினால அதைப் பிரிக்க முடியாது. அதை உண்டாக்கின கம்பெனியாலயும் முடியாது.

என் கேள்வி இதுதான். சட்டம் இருக்கு, தடை இருக்கு, கம்பெனிக்குப் பொறுப்புன்னு விதியும் இருக்கு. அந்தக் காசு ஏன் தார்ப்பாய் வரைக்கும் வந்து சேரலை?

---

வேளச்சேரி அடுக்ககம் | சென்னை | சனி, இரவு 10:15

அண்ணா, நீங்க சொல்ற அந்த ஐந்தாவது குவியல்ல என் வீட்டு டப்பாவும் இருந்திருக்கும். கழுவாமதான் போட்டுட்டு இருந்தேன், இனிமே கழுவிப் போடறேன்.

ஒரு ஆதங்கம் இருக்கு. நான் பச்சைக் கூடை, நீலக் கூடைன்னு ஏழு வருஷமா பிரிக்கிறேன். 2022 ஏப்ரல்ல பெருங்குடி குப்பைமேடு நாள்கணக்கா எரிஞ்சது ஞாபகம் இருக்கா? எங்க வீட்டு ஜன்னலைத் திறக்க முடியலை. அம்மாவுக்கு இழுப்பு, ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தாங்க. அந்தப் புகையில பிளாஸ்டிக் நாத்தம் தனியாத் தெரிஞ்சது. நாம பிரிச்சதும் அதுல எரியுதோன்னு அன்னைக்கு நினைச்சுட்டேன். பெருங்குடியில பழைய குப்பையைத் தோண்டிச் சலிச்சு எடுக்கிற வேலையும் நடந்துச்சு. அப்படித் தோண்டி எடுக்கிற பிளாஸ்டிக் உங்களுக்கு உதவுமா?

---

குருணைக்காரர் | திருப்பூர் | சனி, இரவு 10:32

உதவாதும்மா. பத்து இருபது வருஷம் மண்ணுலயும் வெயில்லயும் கிடந்த கவர் தொட்டாலே பொடியும். மண்ணு, ஈரம், துரு எல்லாம் ஏறியிருக்கும். அதைச் சலிச்சு, காய வெச்சு, சிமெண்ட் ஆலைக்கு எரிபொருளா அனுப்பறாங்க. குப்பைமேட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிளாஸ்டிக்கா ஆக்கறது ரொம்ப ரொம்பக் கஷ்டம். அதனாலதான் வீட்டு வாசல்லயே பிரிக்கணும்னு தொண்டை கிழியக் கத்தறோம். நீங்க ஏழு வருஷமாப் பிரிச்ச பால் கவரும் பாட்டிலும் வீண் போயிருக்காது. வண்டியில வர்ற தூய்மைப் பணியாளருக்கு அதுல கொஞ்சம் காசு உண்டு. அவங்களே தனியா எடுத்து வெச்சு பழைய பேப்பர் கடையில போட்டுடுவாங்க.

பால் கவர் பத்தி ஒண்ணு சொல்லிடறேன். முனையைக் கத்தரிச்சுத் தனியா எடுக்காதீங்க. பாதி வெட்டி, தொங்கட்டும்னு விட்டுடுங்க. அந்தத் துணுக்கு யார் கைக்கும் சிக்காது, நேரா சாக்கடைக்குப் போயிடும்.

---

தடைதான் வழி | புதுச்சேரி | சனி, இரவு 11:05

கோபித்துக்கொள்ளாதீர்கள், ஆனால் எனக்கு மறுசுழற்சி என்ற சொல்லிலேயே நம்பிக்கை போய்விட்டது. 1950 முதல் 2015 வரை உலகம் உண்டாக்கிய பிளாஸ்டிக் 830 கோடி டன். அதில் 630 கோடி டன் அந்தக் காலத்துக்குள்ளேயே குப்பையாகிவிட்டது. மறுசுழற்சிக்குப் போனது 9 சதவீதம், எரித்தது 12 சதவீதம், மீதி மண்ணிலும் கடலிலும். 2017-இல் வெளிவந்த ஆய்வுக் கணக்கு இது. அறுபத்தைந்து ஆண்டுகளில் நூற்றுக்கு ஒன்பது! இதை நம்பி இன்னும் எத்தனை நாள் உட்காருவது?

குழாயைத் திறந்துவிட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறோம். 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் உலக நாடுகள் கூடின. பிளாஸ்டிக் உற்பத்திக்கே உச்சவரம்பு வைப்பதா வேண்டாமா என்ற இடத்தில் முட்டிக்கொண்டு, ஒப்பந்தம் இல்லாமலே கலைந்துவிட்டன. அதே ஆண்டு மே மாதம் கோவை மருதமலை அடிவாரத்தில் ஒரு கர்ப்பிணி யானை இறந்தது. வயிற்றைத் திறந்தால் பிளாஸ்டிக். குட்டியும் உள்ளேயே போய்விட்டது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த யானை தின்றதும் நீங்கள் சொல்லும் கடைசிக் குவியல்தான் ஐயா. விலை போகாததால்தான் அது காட்டோரம் கிடந்தது. அதைச் செய்யவே விடக்கூடாது என்கிறேன்.

---

மளிகைக்கடை | தென்காசி | ஞாயிறு, காலை 6:50

தடை தடைன்னு சொல்றவங்க கடைப் பக்கம் கொஞ்சம் வந்து பாருங்க. 2019 ஜனவரி 1-ல இருந்து தமிழ்நாட்டுல பதினாலு வகை பிளாஸ்டிக் கூடாதுன்னு அரசு சொல்லிடுச்சு. நானும் கேரிபேக்கை விட்டுட்டேன். ஆனா வர்றவங்க கையை வீசிக்கிட்டு வர்றாங்க. அரைக் கிலோ சீனியை மடியிலயா கட்டிக் குடுக்க முடியும்? போன மாசம் ஒரு ஏஜெண்ட் வந்து, "அண்ணாச்சி, இது 120 மைக்ரான் தடிமன், சட்டப்படி செல்லும்"னு ஒரு பண்டல் தந்துட்டுப் போனாரு. துணிப்பை மாதிரி ஒண்ணும் தந்தாரு, கலர் கலரா. ரெண்டாவது நாளே சோதனைக்கு வந்தவங்க ரெண்டையும் அள்ளிட்டு அபராதமும் போட்டுட்டாங்க. என்கிட்ட சொன்னது பொய்யா, இல்ல அவங்க போட்டது தப்பா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

விதி வாசகி | சென்னை | ஞாயிறு, காலை 8:20

அண்ணாச்சி, சட்டம் படிக்கிறேன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஏஜெண்ட் சொன்னதில் பாதி உண்மை. நாடு முழுமைக்குமான மத்திய அரசு விதியில் கேரிபேக் குறைந்தது 75 மைக்ரான் இருக்க வேண்டும் என்று 2021 செப்டம்பர் 30-இல் வந்தது, 2022 டிசம்பர் 31 முதல் அது 120 மைக்ரான் ஆனது. ஆனால் தமிழ்நாட்டின் தடை அதைவிடக் கடுமையானது. கேரிபேக் எத்தனை தடிமனாக இருந்தாலும் இங்கே கூடாது. துணி மாதிரி இருக்கும் அந்தப் பையும் தடைப் பட்டியலில் உண்டு, அது துணியே இல்லை. ஏஜெண்ட் வேறு மாநிலத்துக்கான நியாயத்தை உங்களிடம் விற்றுவிட்டுப் போயிருக்கிறார். அபராதம் உங்களுக்கு, லாபம் அவருக்கு. எனக்கு வருத்தமே அதில்தான். சோதனை எப்போதும் கடையோடு நின்றுவிடுகிறது, பை எங்கே தயாரானது என்று தேடிப் போவது குறைவு.

---

குருணைக்காரர் | திருப்பூர் | ஞாயிறு, காலை 8:45

அண்ணாச்சி, அடுத்த தடவை யாராவது துணிப்பைன்னு தந்தா ஒரு நூல் பிரிச்சுத் தீக்குச்சியில காட்டுங்க. பருத்தியா இருந்தா காகிதம் எரிஞ்ச வாசம் வரும், சாம்பல் உதிரும். பி.பி.யா இருந்தா சுருண்டு உருகி, ஆறினதும் கெட்டியா ஒரு மணி மாதிரி நிக்கும். ஒரு நிமிஷ வேலை. புகையை மோந்து பார்க்க வேண்டாம், தள்ளி நின்னு பாருங்க.

"மக்கும் பை"ன்னு இப்ப வர்றதையும் ஒரு வார்த்தை சொல்லணும். பார்க்க எல்.டி. மாதிரியே இருக்கும், ஆனா அது வேற சரக்கு. நாலு பை கலந்து மெஷினுக்குள்ள போயிடுச்சுன்னா அந்த லோடு முழுக்கப் புள்ளி புள்ளியாக் கெட்டுடும். அதை உரக்குழிக்குத்தான் அனுப்பணும், தயவுசெஞ்சு பால் கவரோட சேர்க்காதீங்க.

---

வார்டு அக்கா | சேலம் மாவட்டம் | ஞாயிறு, மதியம் 2:10

எல்லாரும் எழுதுறதைக் காலையில இருந்து படிச்சுட்டு இருக்கேன். நான் ஒரு பேரூராட்சியில குப்பை வண்டிகளுக்கு மேற்பார்வை. என் கீழ 19 பெண்கள். நாங்கதான் அந்தத் தார்ப்பாய்.

பிரிக்கிறதுன்னா என்னன்னு சொல்றேன். நாப்கின் எது, சாப்பாடு எது, பிளேடு எதுன்னு தெரியாம ஒரே கவர்ல முடிச்சுப் போட்டுக் குடுப்பாங்க. அவிழ்த்தாத்தான் தெரியும். போன வருஷம் ஒரு பொண்ணுக்கு உடைஞ்ச டியூப்லைட் கையில ஏறி ஏழு தையல். கையுறை குடுத்திருக்கு, ஆனா கையுறை போட்டா கவர் முடிச்சு அவிழ்க்க வராது. அதனால கழட்டிடறாங்க. திட்டினாலும் மனசு கேட்கலை, ஏன்னா அவங்க சொல்றது நிஜம்.

பாட்டில், பால் கவர் வித்த காசை மாசக் கடைசியில பிரிச்சுக்கறோம். தலைக்குச் சில நூறு வரும். பிள்ளை நோட்டுப் புஸ்தகம், கேஸ் சிலிண்டர்னு அதுலதான் போகும். பிஸ்கட் கவர்ல எதுவும் இல்லை. ஒரு நாளைக்குப் பிரிக்கிற நேரத்துல பாதி அந்தக் காசில்லாத கவருக்கே போகுது. அதுக்கு யார் கூலி? எங்க அலுவலகத்துல கேட்டேன். "கம்பெனிக்காரங்க பொறுப்பும்மா, சட்டம் வந்திருக்கு"ன்னாங்க. எந்தக் கம்பெனியும் எங்க கொட்டகைப் பக்கம் வந்ததில்லை.

---

விதி வாசகி | சென்னை | ஞாயிறு, மாலை 4:30

அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. அந்தச் சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கமாகவே சொல்கிறேன், எங்கே அடைக்கிறது என்று தெரிந்தால்தான் கேட்க முடியும்.

2016 மார்ச்சில் பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. அப்போதே "உறை போட்டு விற்கிறவர்தான் அந்த உறைக்குப் பொறுப்பு" என்ற கருத்து அதில் இருந்தது. மறுசுழற்சி செய்ய முடியாத பல அடுக்கு உறைகளை இரண்டு ஆண்டுக்குள் நிறுத்த வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். 2018-இல் திருத்தம் வந்தது. "மறுசுழற்சி செய்ய முடியாத, எரிசக்தியும் எடுக்க முடியாத, வேறு பயனும் இல்லாத" உறைகளை மட்டும் நிறுத்தினால் போதும் என்று மாறிவிட்டது. சிமெண்ட் உலையில் எரியும் என்று காட்டிவிட்டால் எந்த உறையும் அந்த வரிக்குள் சிக்காது. என்னைப் பொறுத்தவரை கடைசிக் குவியலின் கதை அந்த ஒரு வரியில்தான் மாறியது.

பிறகு 2022 பிப்ரவரி 16-இல் உற்பத்தியாளர் பொறுப்புக்கான விரிவான நெறிமுறை வந்தது. எல்லோரும் இ.பி.ஆர். என்பது இதைத்தான். பாட்டில், டப்பா போன்ற கெட்டியானவை முதல் வகை. பிளாஸ்டிக் மட்டுமே உள்ள மெல்லிய கவர்கள் இரண்டாவது. பிளாஸ்டிக்கோடு அலுமினியம் போன்ற வேறு பொருளும் ஒட்டிய பல அடுக்கு மூன்றாவது. மக்கும் பிளாஸ்டிக் நான்காவது. சந்தையில் விட்ட அளவில் 2021-22-இல் 25 சதவீதம், அடுத்த ஆண்டு 70, 2023-24 முதல் முழு 100 சதவீதத்துக்கும் கம்பெனி கணக்குக் காட்ட வேண்டும். அதில் இவ்வளவு பங்கு கட்டாயம் மறுசுழற்சியே ஆக வேண்டும் என்றும் உண்டு. முதல் வகைக்கு 2024-25-இல் 50 சதவீதத்தில் தொடங்கி 2027-28-இல் 80. பல அடுக்குக்கு 30-இல் தொடங்கி 60.

கம்பெனி நேரே வந்து உங்கள் கொட்டகையில் எடுக்க வேண்டியதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் இத்தனை டன் செய்தேன் என்று இணையதளத்தில் காட்டிச் சான்றிதழ் எடுப்பார். கம்பெனி அந்தச் சான்றிதழைக் காசு கொடுத்து வாங்கும். காசு அங்கேயே நின்றுவிடுகிறது அக்கா. சான்றிதழ் விலையில் பிரித்தவருக்கு இவ்வளவு பங்கு என்று நெறிமுறையில் எங்கும் இல்லை.

சான்றிதழே காசு என்றால் பொய்யும் வரத்தானே செய்யும். 2023-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தணிக்கை செய்தபோது நான்கு நிறுவனங்கள் மட்டும் சுமார் 6 லட்சம் போலிச் சான்றிதழ்களை உருவாக்கியிருந்தது தெரியவந்தது. செய்யாத மறுசுழற்சிக்குச் சான்றிதழ். அந்தப் பிளாஸ்டிக் எல்லாம் எங்கே கிடக்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

---

குருணைக்காரர் | திருப்பூர் | ஞாயிறு, இரவு 8:00

நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைச்சிடுச்சு. நீங்க சொன்னதுக்கு என் பக்கத்துக் கதையையும் சேர்க்கறேன்.

எனக்கு அந்த இணையதளத்துல பதிவு இருக்கு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அனுமதி, கழிவுநீர்த் தொட்டி, மீட்டர், எல்லாம் வெச்சுத்தான் வாங்கினேன். ஆனா கணக்குக் காட்டப் பில் வேணும். எனக்குச் சரக்கு தர்றது யாரு? சைக்கிள்ல வர்ற பெரியவர், பழைய இரும்புக் கடை, வார்டு அக்கா மாதிரி பெண்கள். இவங்ககிட்ட ஜி.எஸ்.டி. பில் எங்கே இருக்கும்? பெரிய வியாபாரிகிட்ட வாங்கினா பில் இருக்கும், ஆனா 2021 அக்டோபர்ல பிளாஸ்டிக் கழிவுக்கான வரி 5 சதவீதத்துல இருந்து 18 ஆயிடுச்சு. புது பிளாஸ்டிக் குருணைக்கும் 18, பொறுக்கின குப்பைக்கும் 18. ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சா குப்பையை எவன் வாங்குவான்? பில் இல்லாம வாங்கி, பில் இல்லாம வித்து, ராத்திரியில லோடு ஏத்தற யூனிட்டுகள் பொழைக்குது. நேராப் பண்ணணும்னு நினைக்கறவன் முழி பிதுங்குது.

இன்னொண்ணு, எங்க விலையை நிர்ணயிக்கறது இந்த ஊரே இல்லை. கச்சா எண்ணெய் விழுந்தா புதுக் குருணை சல்லிசாயிடும், எங்க சரக்கைத் திரும்பிப் பார்க்க ஆளிருக்காது. 2020 ஊரடங்கு நேரத்துல அப்படித்தான் ஆச்சு. குடோன் நிறைய பாட்டில், வாங்க ஆளில்லை. ஆறு வாரம் ஆளுங்களுக்கு அரைச் சம்பளம்தான் குடுக்க முடிஞ்சது. அந்தக் கணக்கை இன்னும் நான் மறக்கலை.

இந்தச் சட்டத்துல உருப்படியா ஒண்ணு இருக்குங்க, அதையும் சொல்லணும். கெட்டியான உறை செய்யறவங்க 2025-26-ல இருந்து 30 சதவீதம் மறுசுழற்சிச் சரக்கு சேர்க்கணும், 2028-29-ல அது 60 ஆகணும். இது ஒழுங்கா நடந்தா எங்க சரக்குக்கு வருஷம் முழுக்க ஒரு கிராக்கி நிக்கும். பொறுக்கறவங்களுக்கும் விலை நிக்கும். நான் நம்பறது இதைத்தான்.

---

விதி வாசகி | சென்னை | ஞாயிறு, இரவு 8:25

அண்ணா, பில் பிரச்சினைக்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது, பிளாஸ்டிக்குக்குத்தான் கொடுக்கவில்லை. 2024 அக்டோபரில் உலோகக் கழிவுக்கு ஒரு மாற்றம் வந்தது. பதிவில்லாத சின்ன வியாபாரியிடம் வாங்கினால், வாங்குகிறவரே வரி கட்டி, தானே பில் போட்டுக்கொள்ளலாம். இரும்புக்கு முடிந்தது பால் கவருக்கு ஏன் முடியாது? வரியையும் பழையபடி 5-க்குக் கொண்டுவந்து இதையும் சேர்த்தால், சைக்கிள் பெரியவரின் சரக்கும் கணக்குக்குள் வரும். தொழிலில் இருப்பவர்கள் சங்கமாகச் சேர்ந்து ஜி.எஸ்.டி. கவுன்சிலுக்கு எழுத வேண்டும். மனு எழுத நான் தயார்.

---

வேதியியல் ஆசிரியர் | மதுரை | ஞாயிறு, இரவு 9:10

பலர் கேட்காமல் விட்ட ஒன்றைச் சொல்கிறேன். ஏன் எல்லாவற்றையும் சேர்த்து உருக்க முடியாது? ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஒவ்வொரு சூட்டில் உருகும். ஹெச்.டி. 130 டிகிரியில் இளகிவிடும். பெட் உருக 250-க்கு மேல் வேண்டும். அந்தச் சூட்டில் பி.வி.சி. கருகி அமில ஆவியைக் கக்கும். எண்ணெயும் தண்ணீரும்போல இவை ஒன்றோடொன்று சேரவும் சேரா. தண்ணீரில் போட்டால் ஹெச்.டி., பி.பி. இரண்டும் மிதக்கும், பெட் மூழ்கும். பாட்டிலையும் மூடியையும் பிரிக்க இந்தத் தொட்டி போதும். ஆனால் பி.வி.சி.யும் மூழ்கும். சில பாட்டில்களில் உடம்பு முழுக்கச் சுருங்கிப் பிடித்திருக்கும் வண்ண உறை பி.வி.சி.யாக இருந்தால், அது பெட்டோடு அடியில் போய் உட்கார்ந்து அந்த லோடையே கருக்கும். உறையை எதில் செய்ய வேண்டும் என்று ஒரு வரி விதி போட்டாலே குருணைக்காரர் போன்றவர்களுக்குப் பாதி வேலை குறையும்.

கடைசிக் குவியலுக்கு எங்கள் ஊரில் பிறந்த வழி ஒன்று உண்டு. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் 2002-இல் கல்லூரி வளாகத்திலேயே பிளாஸ்டிக் கலந்த சாலை போட்டுக் காட்டினார். துண்டாக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் தூவுவார்கள். அது உருகி ஒவ்வொரு கல்லின் மேலும் மெல்லிய தோலாகப் படியும். அதன் மேல் தார். தண்ணீர் உள்ளே இறங்காததால் குழி விழுவது குறையும். ஒற்றைத் தடச் சாலை ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டன் பிளாஸ்டிக் போகும். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ வந்தபோது மதுரையே மகிழ்ந்தது. பி.வி.சி. மட்டும் அதில் கூடவே கூடாது.

---

தடைதான் வழி | புதுச்சேரி | ஞாயிறு, இரவு 9:40

ஐயா, அந்தச் சாலை தேய்ந்தால் பிளாஸ்டிக் தூள் வயலுக்குப் போகாதா?

---

வேதியியல் ஆசிரியர் | மதுரை | ஞாயிறு, இரவு 9:58

நியாயமான கேள்வி. பிளாஸ்டிக் தாரின் அடியில் கல்லோடு ஒட்டியிருக்கிறது, இருந்தாலும் சாலை தேயத்தான் செய்யும். நெடுநாள் கண்காணித்துத்தான் சொல்ல வேண்டும். 2022 நெறிமுறையும் சாலையை மறுசுழற்சிக் கணக்கில் வைக்கவில்லை. சிமெண்ட் உலைபோல, இறுதி அகற்றம் என்ற கணக்கில்தான் வைத்திருக்கிறது. அது சரியான இடம் என்றே நானும் நினைக்கிறேன். இன்று கிடக்கும் குவியலுக்கு இது வழி. நாளைக்கும் அந்த உறையையே செய்துகொண்டிருக்க இதைச் சாக்காகக் காட்டக் கூடாது.

---

குன்னூர்க்காரி | நீலகிரி | திங்கள், காலை 7:15

எங்க மலையில நடந்ததைச் சொல்றேன். 2022-ல உயர் நீதிமன்றம் சொன்னதால டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தா அந்தப் பத்தைத் திருப்பித் தர்ற முறை முதல்ல நீலகிரியிலதான் வந்துச்சு. அதுக்கு முன்னாடி சோலைக்குள்ள நடந்தா கண்ணாடிச் சில்லு காலைக் கிழிக்கும். காட்டெருமை, யானைக் கால்ல ஏறிச் சீழ் வெச்சுச் செத்திருக்கு. இப்ப தோட்ட வேலை முடிச்சு வர்றவங்க வழியில ஒரு பாட்டில் கிடந்தா விடறதில்லை, பத்து ரூபாயாச்சே. கிடந்த பாட்டில் எல்லாம் காணாம போச்சு. யாரும் பிரசங்கம் பண்ணலை, பத்து ரூபாய்தான் பண்ணிச்சு.

அது கண்ணாடி. இதையே பிளாஸ்டிக்குக்குப் பண்ணக் கூடாதா? சிப்ஸ் பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் வைங்க. சின்னப் பசங்களே ஊரைத் துடைச்சுடுவாங்க.

---

மளிகைக்கடை | தென்காசி | திங்கள், காலை 7:40

ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டுக்கு எவ்வளவும்மா வைக்கிறது? நான் ஒரு நாளைக்கு இருநூறு பாக்கெட் விக்கிறேன். அதை எண்ணி வாங்கி, எண்ணிக் காசு குடுத்து, எலி கடிக்காம எங்கே வைக்கிறது? பத்துக்குப் பத்து கடை. கம்பெனி வண்டி சரக்கு இறக்க வாராவாரம் வருதுல்ல, போகும்போது காலியாத்தானே போகுது. காலி கவரை அதுல ஏத்திட்டுப் போகச் சொல்லுங்க, எண்ண வேண்டாம், எடைக்கு எடுக்கட்டும். நான் சாக்குல போட்டு வைக்கத் தயார்.

---

குருணைக்காரர் | திருப்பூர் | திங்கள், காலை 8:30

அண்ணாச்சி, இருபத்திரண்டு வருஷத்துல இவ்வளவு நேரா யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எண்ண வேண்டாம், எடைக்கு எடுக்கட்டும். நான் கேக்கறதும் அதுதான். பல அடுக்குக் கவருக்குக் கிலோவுக்கு இவ்வளவுன்னு ஒரு அடிவிலை. கம்பெனி சான்றிதழ் வாங்கற காசுல ஒரு பங்கு, பிரிச்ச ஊராட்சி, பேரூராட்சி கொட்டகைக்கே நேரா வரணும். நெல்லுக்கு அடிவிலை இருக்கற மாதிரி. விலை இருந்தா பெட் பாட்டில் மாதிரி இதுவும் தெருவுல நிக்காது.

பாட்டிலைப் பாருங்க. யாரும் சொல்லாமலே அது எங்கே வரைக்கும் போகுதுன்னு. 2023 பிப்ரவரியில பிரதமர் நாடாளுமன்றத்துல ஒரு நீல நிற மேல்சட்டை போட்டுட்டு வந்தாரே, அந்தத் துணி தண்ணி பாட்டில்ல இருந்து நம்ம கரூர்ல ஆனது. எங்கேயோ பஸ் ஸ்டாண்டுல ஒரு பெரியம்மா குனிஞ்சு எடுத்த பாட்டில். எனக்கு அன்னைக்கு அந்தப் பெரியம்மா ஞாபகம்தான் வந்துச்சு.

---

வேளச்சேரி அடுக்ககம் | சென்னை | திங்கள், காலை 9:05

வார்டு அக்கா, உங்க பெண்களுக்கு அரசு அடையாள அட்டை, மருத்துவக் காப்பீடு ஏதாவது உண்டா? மத்திய அரசோட நமஸ்தே திட்டத்துல முதல்ல கழிவுநீர்த் தொழிலாளர்கள்தான் இருந்தாங்க, 2024-ல குப்பை பொறுக்குறவங்களையும் சேர்த்திருக்காங்கன்னு படிச்சேன். பதிவு பண்ணினா காப்பீடு, பாதுகாப்புச் சாமான் கிடைக்கும். உங்க ஊர்ல கணக்கெடுக்க வந்தாங்களான்னு கேட்டுப் பாருங்க. எங்க குடியிருப்புல இனிமே டியூப்லைட், பிளேடு தனி அட்டைப்பெட்டியில மேல எழுதித்தான் தரணும்னு இன்னைக்குக் கூட்டத்துல சொல்லப் போறேன். ஏழு தையல்னு நீங்க எழுதினது தூங்க விடலை.

---

வார்டு அக்கா | சேலம் மாவட்டம் | திங்கள், இரவு 7:20

ரொம்ப நன்றி தங்கச்சி. நாளைக்கே அலுவலகத்துல கேக்கறேன். 19 பேர் பேரும் எழுதி வெச்சுட்டேன்.

இன்னைக்குப் பொண்ணுங்ககிட்ட இந்த இழையைப் படிச்சுக் காட்டினேன். பாட்டில் அடியில பொட்டு, கோடு பார்க்கிறது அவங்களுக்கு முன்னாடியே தெரியும், "அதை எதுக்கு எழுதுறாங்க"ன்னு கேட்டாங்க! பி.வி.சி. உறை பத்தித் தெரியாது. இனி அந்த மாதிரி பாட்டில் வந்தா உறையைக் கிழிச்சுட்டுப் போடறோம்.

கொட்டகையில பிஸ்கட் கவர் மட்டும் தனியா மூணு மாசமாச் சேர்த்தது பதினொரு சாக்கு இருக்கு. மழை வர்றதுக்குள்ள அனுப்பணும். குருணைக்காரர் அண்ணா, உங்க பக்கம் இருந்து சிமெண்ட் ஆலைக்கு யாராவது லோடு அனுப்புறாங்களா?

---

குருணைக்காரர் | திருப்பூர் | திங்கள், இரவு 7:55

அனுப்பறாங்கக்கா. நாங்க நாலு யூனிட் சேர்ந்து மாசம் ஒரு லாரி அரியலூருக்கு விடறோம். விலை ஒண்ணும் வராது, லாரி வாடகையை நாங்க பார்த்துக்கறோம். பதினொரு சாக்கையும் ஒரு நாள் வெயில்ல பரப்பிக் காய விடுங்க, ஈரம் இருந்தா ஆலையில திருப்பிடுவாங்க. பேட்டரி, ஊசி, பி.வி.சி. பைப் துண்டு எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. அதை மட்டும் பொண்ணுங்களை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்க. சாக்கை மிதிச்சு அமுக்கி இறுக்கிக் கட்டினா அஞ்சாறு சிப்பமாயிடும். சங்ககிரி பைபாஸ் வரைக்கும் கொண்டு வந்துட்டா, வியாழக்கிழமை என் வண்டி ஈரோட்டுல இருந்து காலியாத்தான் திரும்புது, சுத்தி வந்து ஏத்திக்கறேன்.

எத்தனை கிலோன்னு எடை போட்டு ஒரு சீட்டுல எழுதி, பேரூராட்சி முத்திரை வாங்கி வைங்க. விதி வாசகி எழுதற மனுவோட அந்தச் சீட்டையும் சேர்த்துத்தான் அனுப்பணும்.